வெட்டுவதா? பொறுப்பதா?

வயிற்றுவலியை அறியாத வீடு என்று ஒன்று உண்டோ? தலைவலிக்கு அடுத்தபடியாக நம் வீடுகளுக்கு அடிக்கடி வந்து போகும் விருந்தாளி அதுவே. ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு மூலையில் சுருண்டு படுத்தால், பெரும்பாலும் மறுநாள் காலையில் அது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். சில வேளைகளில் மட்டும் போவதில்லை. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி மெல்ல வலப்பக்கம் இறங்கி, அங்கேயே நிலைகொள்கிறது. சோற்றைக் கண்டாலே வெறுப்பு. அப்போது வீட்டில் யாரேனும் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: "அப்பெண்டிஸா இருக்குமோ?"

அந்தக் கேள்விக்கு விடை காண்பது எவ்வளவு கடினம் என்பதை இவ்வாண்டு மலரில் எழுத வேண்டும் என்று பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவினராகிய நாங்கள் விரும்பினோம். காரணம் எங்கள் வகுப்பிலேயே இருந்தது. சென்ற ஆண்டில் எங்கள் தோழியர் இருவருக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான வலி கண்டது. ஒருத்தியை ஆஸ்பத்திரியில் ஓர் இரவும் ஒரு பகலும் வைத்துப் பார்த்துவிட்டு, கத்தி படாமலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றவளை, போய்ச் சேர்ந்த இரவிலேயே ஆபரேஷன் மேசையில் ஏற்றினார்கள். தெருவில் உடனே தீர்ப்பு எழுதியாயிற்று: முதல் டாக்டர் அலட்சியக்காரர், இரண்டாம் டாக்டர் கத்தியை எடுப்பதற்கென்றே காத்திருந்தவர்! இருவருமே சரியாகத்தான் செய்தார்கள் என்பது எங்கள் கருத்து. அது எப்படி என்று சொல்லத்தான் இக்கட்டுரை. தோழியர் இருவரும் தங்கள் கதையை எழுத மனமார இசைந்தார்கள்.

முதலில் அந்த உறுப்பைப் பார்ப்போம். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம் நம் வயிற்றின் வலது அடிப்பக்கத்தில் இருக்கிறது. பெருங்குடலின் அத்தொடக்கப் பகுதி ஒரு பையைப் போன்றது. அதிலிருந்து மண்புழுவைப் போலத் தொங்கும் சிறு குழாயே குடல்வால். அதன் நீளம் பெரும்பாலும் 6 முதல் 10 சென்டிமீட்டர். ஒருமுனை திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். ஒரே வாசல் உள்ள முட்டுச் சந்து என்று வைத்துக் கொள்ளுங்களேன். அந்த ஒரே வாசல் அடைபட்டால் உள்ளே ஊறும் நீருக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் ஏறுகிறது, கிருமிகள் பெருகுகின்றன, சுவருக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்ணிய நாளங்கள் நசுங்குகின்றன, சுவர் அழுகி ஓட்டை விழுகிறது. அதுவரை குழாய்க்குள் அடங்கியிருந்த மலமும் சீழும் வயிற்றறைக்குள் கொட்டுகின்றன. ஒரு சிறு குழாயின் நோய் அப்போது வயிறு முழுவதன் நோயாகிவிடுகிறது.

வாசலை அடைப்பது எது? கொய்யாப்பழ விதை என்றுதான் நாம் எல்லோரும் சிறு வயதில் கேட்டு வளர்ந்தோம். அதற்குப் பயந்து கொய்யாவைத் தின்னாமல் விட்டவர் எத்தனை பேரோ! விதை போய் அடைத்துக் கொள்வது மிக மிக அரிது. இறுகிய மலத்துணுக்கோ, வேறு ஏதேனும் தொற்றின்போது குடல்வாலின் சுவரிலுள்ள நிணநீர்த் திசு வீங்குவதோதான் பெரும்பாலும் காரணம். ஆகவே கொய்யாவை அச்சமின்றி உண்ணலாம். இந்த நோய் எந்த வயதிலும் வரும் என்றாலும் 10 முதல் 30 வயதுக்குள் உள்ளவரையே மிகுதியாகத் தாக்குகிறது. அதாவது, இந்த மலரைப் படிக்கும் மாணவியர் அனைவரும் அந்த வயதினரே, அல்லது அதை எட்டப் போகிறவர்களே.

வலி ஏன் ஓரிடத்தில் தொடங்கி வேறோரிடத்துக்கு நகர்கிறது? பாடம் படிக்கும்போது எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன பகுதி இது. குடலுக்குத் தன் வலி எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டத் தெரியாது. குடல்வாலிலிருந்து புறப்படும் நரம்புகளும், தொப்புளைச் சுற்றியுள்ள தோலிலிருந்து புறப்படும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் போய்ச் சேருகின்றன. எனவே மூளை ஏமாந்து, "தொப்புள் வலிக்கிறது" என்று எண்ணிக்கொள்கிறது. சில மணி நேரம் கழித்து, வீங்கிய குடல்வால் வயிற்றறையின் உட்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய உறையைத் தொடுகிறது. அந்த உறையின் நரம்புகள் துல்லியமானவை. உடனே வலி, வலப்பக்கத்தில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்துக்கு வந்துவிடுகிறது. வலி நகர்ந்ததா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகவே.

இவ்வளவு தெளிவாக எல்லோருக்கும் வந்தால் அறுவை மருத்துவருக்கு வேலை எளிது. ஆனால் குடல்வால் எல்லோருக்கும் ஒரே பக்கமாகத் தொங்குவதில்லை. சிலருக்கு அது பெருங்குடலின் பின்னால் ஒளிந்திருக்கும். வலி முதுகுப்பக்கம் தெரியும். சிலருக்கு இடுப்புக் குழிக்குள் இறங்கியிருக்கும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் தெரியும். அதைச் "சூடு பிடித்துக்கொண்டது" என்று வீட்டில் சொல்லித் தொப்புளில் விளக்கெண்ணெய் தடவிவிடுவோம். இன்னொரு பக்கம், குடல்வாலுக்குச் சம்பந்தமே இல்லாத நோய்கள் அதைப் போல வேடம் போட்டு வரும். டைபாய்டு காய்ச்சல், சிறுநீரகக் கல், வயிற்றுப் பூச்சி, குடல் காசநோய், குழந்தைகளுக்குச் சளிக் காய்ச்சலோடு வரும் நெறிக்கட்டி வீக்கம் ஆகிய எல்லாமே வலது அடிவயிற்றில் வலியைத் தரக்கூடும். டைபாய்டில் பெரும்பாலும் காய்ச்சல் முந்தும், வலி பிந்தும். குடல்வால் அழற்சியில் வலி முந்தும், வாந்தியும் காய்ச்சலும் பிந்தும். எது முதலில் வந்தது என்பதைத் தாயார் சரியாகச் சொன்னாலே பாதி வழி தெரிந்தாற்போல.

ஆகவே அறுவை மருத்துவர் முன் இரண்டு தவறுகள் எப்போதும் நிற்கின்றன. பொறுத்திருந்தால் குடல்வால் வெடிக்கலாம். வலி தொடங்கிய முதல் நாளில் அந்த அபாயம் குறைவு. ஒன்றரை நாள் கடந்தபின் ஏறிக்கொண்டே போகும். உடனே வெட்டினால், திறந்து பார்க்கும்போது குடல்வால் நோயின்றி வெளிறிய நிறத்தில் சாதுவாக இருக்கலாம். "இருந்தால் என்ன, எடுத்தால் போயிற்று" என்று சொல்லிவிட முடியாது. மயக்க மருந்துக்கு அதற்குரிய ஆபத்து உண்டு. காயம் சீழ் பிடிக்கலாம். பின்னாளில் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைப்பு உண்டாகலாம். உண்மையான நோய் வேறெங்கோ கவனிக்கப்படாமல் கிடக்கலாம். ஸ்கேன் வராத காலத்தில், நூறு பேருக்குத் திறந்தால் 15 முதல் 20 பேருக்குக் குடல்வால் நலமாக இருப்பதை நல்ல மருத்துவர்களும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இளம் பெண்களிடையே அந்த எண்ணிக்கை இன்னும் கூடுதல். அந்தக் கணக்கைக் குறைக்க வேண்டுமென்று பிடிவாதமாகப் பொறுத்திருந்தால், வெடித்துப்போன குடல்வால்களின் கணக்குக் கூடிவிடும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஒரு தட்டு இறங்கினால் மறுதட்டு ஏறும் தராசு அது.

இந்தத் தராசின் வரலாறு வெகு நீளமானது அன்று. 1735-இல் இலண்டனில் கிளாடியஸ் அமியாண்ட் என்பவர் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குடலிறக்க அறுவை செய்தபோது, குண்டூசி குத்தியிருந்த குடல்வாலை அகற்றினார். எனினும் இந்த நோய்க்குப் பெயர் கிடைக்க இன்னும் 150 ஆண்டுகள் பிடித்தன. 1886-இல் பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் பிட்ஸ் என்ற மருத்துவர், வலது அடிவயிற்றில் சீழ் கட்டி இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு மூலகாரணம் குடல்வாலே என்று எடுத்துக்காட்டி, காலத்தோடு அறுவை செய்யுங்கள் என்றார். 1889-இல் நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி, விரல் நுனியால் தொட்டு நோயைக் காணும் இடத்தைக் குறித்தார். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு இழுத்தால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் அந்த இடம் இருக்கிறது. இன்றும் அதற்கு அவர் பெயரே.

இங்கிலாந்தில் பிரடெரிக் டிரீவ்ஸ் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இருந்தார். நோய் தணிந்தபின் அறுவை செய்வதே நலம் என்ற எண்ணம் உடையவர் அவர். 1900-ஆம் ஆண்டு அவருடைய சொந்த மகளே குடல்வால் வெடித்து இறந்தாள். இரண்டே ஆண்டு கழித்து, முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், ஏழாம் எட்வர்டு மன்னருக்கு அதே இடத்தில் சீழ்க்கட்டி. 1902 ஜூன் 24-ஆம் நாள் டிரீவ்ஸ் அரண்மனையிலேயே அதைத் திறந்து சீழை வெளியேற்றினார். வெளிநாட்டு விருந்தினர்கள் எல்லாம் வந்து இறங்கியிருந்த நிலையில் விழா ஆகஸ்டு 9-க்குத் தள்ளிப்போயிற்று. கத்தியைக் கையில் எடுத்தபோது அந்த மனிதரின் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

நம் நாட்டிலும் ஓர் இரவு இதைப்போலக் கழிந்தது. அந்த நோயாளி மகாத்மா காந்தியடிகள்.

1922 மார்ச்சில் ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, அவர் புனாவுக்கு அருகே எரவாடா சிறையில் இருந்தார். 1924 ஜனவரியில் வயிற்றுவலியும் காய்ச்சலும் கண்டன. ஜனவரி 12-ஆம் நாள் அவரைப் புனா சாசூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அறுவை மருத்துவர் கர்னல் மேடாக் என்ற ஆங்கிலேயர். அவர் பார்த்துவிட்டுக் குடல்வால் அழற்சி என்று முடிவு செய்தார். ஸ்கேன் இல்லை; பென்சிலின் இல்லை (அது கண்டுபிடிக்கப்பட்டதே 1928-இல்தான்). இருந்தவை அவருடைய விரல்கள், நோயாளி சொன்ன வரலாறு, நாடித்துடிப்பு, வெப்பமானி, அனுபவம். காந்தியடிகளுக்கோ பம்பாயிலிருந்து தாம் அறிந்த இந்திய மருத்துவர்களை வரவழைக்க விருப்பம். அவர்கள் வந்து சேரும்வரை பொறுக்க முடியாது என்று மேடாக் கருதினார்.

அவருடைய நிலையை எண்ணிப் பாருங்கள். நோயாளி அரசாங்கத்தின் கைதி. தேசமே தெய்வமாகக் கொண்டாடும் தலைவர். அறுப்பவரோ அதே அரசாங்கத்தின் வெள்ளைக்கார அதிகாரி. அறுத்து இறந்தால் கொன்றுவிட்டான் என்பார்கள். அறுக்காமல் இறந்தால் சாகவிட்டான் என்பார்கள். எந்தப் பக்கம் பழி குறைவு என்று கணக்குப் பார்க்கும் மருத்துவராக இருந்திருந்தால், பம்பாய் டாக்டர்கள் வரட்டும் என்று நழுவியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை.

அன்றிரவு காந்தியடிகளின் படுக்கையருகே நின்றவர்களில் ஒருவர் தமிழர்: வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவராகப் புனாவில் இருந்த அவரும் காந்தியடிகளும் ஒரே ஆண்டில், 1869-இல், பிறந்தவர்கள். அரசியலில் வேறு வேறு பாதையில் நடந்தவர்கள். ஆயினும் இணைபிரியா நண்பர்கள். அறுவைக்குச் சம்மதம் தெரிவித்தும், மேடாக்கிடம் தமக்கு முழு நம்பிக்கை உண்டென்று கூறியும் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் காந்தியடிகள் சாஸ்திரியாரின் முன்னிலையில் கையொப்பம் இட்டார். கை நடுங்கிற்றாம். 1909-இல் தாம் எழுதிய "ஹிந்த் ஸ்வராஜ்" நூலில் மருத்துவர்களையும் ஆஸ்பத்திரிகளையும் கடுமையாகச் சாடியவர் அவர் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

அறுவை நடந்துகொண்டிருக்கும்போது மின்விளக்கு அணைந்துவிட்டது. அரிக்கேன் விளக்கின் ஒளியில் மேடாக் வேலையை முடித்தார். பின்னர்ச் சிறிது சீழ் கட்டியதால் குணமடையச் சற்று நாட்களாயின. பிப்ரவரி 5-ஆம் நாள் அரசாங்கம் அவரை விடுதலை செய்தது. அதன்பின் இன்னும் இருபத்து நான்கு ஆண்டு அவர் நம்மிடையே வாழ்ந்தார்.

இன்றைக்கு மருத்துவர் கையில் கருவிகள் பல. இருந்தும் தொடக்கம் அதே விரல்களே. இடப்பக்கம் அழுத்தினால் வலப்பக்கம் வலிக்கிறதா? மெதுவாக அழுத்திச் சட்டென்று கையை எடுக்கும்போது வலி துள்ளுகிறதா? இருமச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாளா? இப்படிச் சேரும் அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றையும் 1986-இல் ஆல்பிரடோ ஆல்வரடோ என்ற மருத்துவர் அமைத்தார். பிலடெல்பியாவில் கன்னியர் நிறுவிய நாசரேத் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 305 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து கண்ட முறை அது. வலி இடம் மாறினால் 1, பசியின்மைக்கு 1, குமட்டல் அல்லது வாந்திக்கு 1, வலது அடிவயிற்றில் தொட்டால் வலிப்பதற்கு 2, கையை எடுக்கும்போது வலிப்பதற்கு 1, காய்ச்சலுக்கு 1. இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் மிகுந்தால் 2, அவற்றுள் தொற்றை எதிர்க்கும் இளம் அணுக்கள் ஓங்கியிருந்தால் 1. ஆக மொத்தம் 10. நமக்குத்தான் மதிப்பெண் என்றால் உடனே புரியுமே! ஆனால் இந்தத் தேர்வில் மட்டும் பத்துக்குப் பத்து வாங்காமலிருப்பதே நல்லது.

எங்கள் இரண்டாம் தோழிக்கு வலி இடம் மாறியிருந்தது, காலையிலிருந்து ஒரு வாய் உண்ணவில்லை, வாந்தி, தொட்டால் வலி, கையை எடுத்தால் வலி, வெள்ளணுக்களும் மிகுதி. கூட்டிப் பார்த்தால் எட்டு. முதல் தோழிக்கோ வலி தொடங்கிய இடத்திலேயே நின்றது, தொட்டால் வலியும் சிறிது குமட்டலும் உண்டு, காய்ச்சல் இல்லை, இரத்தம் இயல்பு. அது மூன்றுதான். வெளிப்பார்வைக்கு ஒரே வலி. உள்ளே வேறு வேறு கதை. ஏழுக்கு மேலே சென்றால் அறுவையின் பக்கம் தராசு சாயும். நான்குக்குக் கீழே நின்றால் வேறு காரணம் தேடுவார்கள். நடுவில் நிற்கும் ஐந்தும் ஆறுமே மருத்துவரின் தூக்கத்தைக் கெடுப்பவை. மதிப்பெண் ஒரு துணை மட்டுமே, முடிவெடுப்பவர் மனிதரே.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். ஒலியலை ஸ்கேனில் வீங்கிய குடல்வால் தெரிந்தால் நல்ல சான்று. தெரியாவிட்டால், இல்லையென்று பொருளன்று. குடலில் காற்று நிறைந்திருந்தால் அது மறைந்துபோகும். சி.டி. ஸ்கேன் இன்னும் துல்லியமானது. ஆனால் அதில் கதிர்வீச்சு உண்டு. எனவே சிறுவருக்கும் இளம் பெண்களுக்கும் ஒலியலை ஸ்கேனை முதலில் எடுத்துப் பார்த்து, சந்தேகம் தீராதபோதே சி.டி.யை நாடுகிறார்கள்.

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார்கள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். ஆண்பிள்ளைக்கு வலது அடிவயிறு வலித்தால் சந்தேகிக்க வேண்டியவை சில. பெண்பிள்ளைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. குடல்வாலுக்கு மிக அருகிலேயே வலது சினைப்பை இருக்கிறது. இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவில், சினைமுட்டை வெளிப்படும் நாளில், சிலருக்கு ஒரு பக்கம் சுருக்கென்று வலிக்கும். ஓரிரு நாளில் தானே போய்விடும். சினைப்பையில் நீர்க்கட்டி இருந்து வெடித்தாலும் வலிக்கும். சினைப்பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டால் வலி திடீரென்று, தாங்க முடியாதபடி, வாந்தியோடு வரும். அதை மணிக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் சினைப்பையையே இழக்க நேரும். திருமணமான பெண்களுக்குக் கரு, கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கிவிடுவதும் உண்டு. அது உயிருக்கே ஆபத்து.

ஆகவேதான் டாக்டர், "கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய்?" என்று மாதவிலக்கு நாளைக் கேட்கிறார். அப்பாவும் மாமாவும் சுற்றி நிற்கையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம்மில் யாருக்கு நாவெழும்? தலையைக் குனிந்துகொண்டு, "ஞாபகம் இல்லை" என்று முணுமுணுப்போம். அந்த ஒரு சொல், மருத்துவரின் தராசிலிருந்து ஒரு படிக்கல்லையே எடுத்துவிடுகிறது. எங்கள் முதல் தோழியின் தாயார் புத்திசாலி. ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, சரியான தேதியை நர்ஸம்மாவிடம் சொன்னார். அவளுக்கு அது மாதத்தின் நடுநாள். ஸ்கேனும் அதற்கு ஒத்து வந்தது. கத்தி உறையிலேயே தங்கிவிட்டது. தேதியை நாட்காட்டியில் ஒரு சிறு புள்ளியால் குறித்துவைப்பதில் வெட்கம் எதற்கு?

முடிவு சொல்ல முடியாதபோது மருத்துவர் நோயாளியை உள்ளே சேர்த்து, சில மணிக்கு ஒருமுறை வந்து அதே வயிற்றை அதே கையால் தொட்டுப் பார்க்கிறார். நாடியும் வெப்பமும் குறிக்கப்படுகின்றன; இரத்தம் மீண்டும் எடுக்கப்படுகிறது. ஸ்காத்லாந்தின் அபர்டீன் நகரில் பி. எப். ஜோன்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1970-களிலேயே, குழந்தைகளின் வயிற்றுவலிக்கு இம்முறையை வலியுறுத்தினார். குடல்வால் அழற்சி என்றால் நேரம் செல்லச் செல்ல அறிகுறி கூடும். வேறு சாதாரண வலியென்றால் தணியும். "ஒன்றும் செய்யாமல் படுக்க வைத்திருக்கிறார்கள்" என்று வார்டுக்கு வெளியே நாம் குறைப்பட்டுக்கொள்ளும் அந்த நேரத்தில் நடப்பது இதுவே. ஆனால் இது ஆஸ்பத்திரியில் செய்யும் காத்திருப்பு. வீட்டில் பாயில் படுத்துக் காத்திருப்பது வேறு.

வீட்டில் நடப்பதையும் சொல்லியே ஆகவேண்டும். வயிறு சுத்தமாகட்டும் என்று ஆயா விளக்கெண்ணெய் கொடுப்பார். குடலேற்றம் என்று சொல்லிக் குடல் தட்டுபவரிடம் அழைத்துப் போய் வயிற்றை நீவிவிடச் செய்வார்கள். மற்ற நாட்களில் எப்படியோ, அடைபட்டு வீங்கி நிற்கும் குடல்வாலுக்கு இவை இரண்டும் ஆகா. பேதி மருந்து குடலை முறுக்கிப் பிழிகிறது. கை அழுத்தம் வெளியிலிருந்து நசுக்குகிறது. மருந்துக் கடையில் பெயர் சொல்லாமல் வாங்கும் வலி மாத்திரை இன்னொன்று. ஆஸ்பத்திரிக்குப் போனபின் மருத்துவரே வலி குறைய மருந்து கொடுப்பதில் தவறில்லை. அதனால் நோயைக் கண்டுபிடிப்பது கெடுவதில்லை என்று இப்போது தெளிவாகியிருக்கிறது. வீட்டில் விழுங்கும் மாத்திரையோ, கிளம்புவதையே ஒரு நாள் தள்ளிப்போட்டுவிடும்.

எங்கள் இரண்டாம் தோழியின் கதையில் இன்னொரு பகுதி உண்டு. அவளுக்கு வலி தொடங்கியது அரையாண்டுத் தேர்வின் முதல் நாள். சொன்னால் தேர்வு போய்விடும் என்று மறைத்தாள். இரண்டாம் நாள் நண்பகலில், "அம்மா, வலி குறைந்துவிட்டது" என்று சொல்லி எழுந்து உட்கார்ந்தாள். அனைவருக்கும் மகிழ்ச்சி. மாலையில் உடல் கொதித்தது; வயிறு பலகையைப்போல் இறுகியது. குடல்வால் வெடிக்கும் கணத்தில் உள்ளழுத்தம் சட்டென்று குறைவதால் வலி சற்றே ஓய்வது உண்டு. அந்த ஓய்வைப்போல் ஏமாற்றும் பொய் வேறில்லை. அப்பா மணலித் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டில்; கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலை. மூலக்கடை வழியானாலும் தண்டையார்பேட்டை வழியானாலும் மாத்தூரிலிருந்து இராயபுரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது நம் பெற்றோர் அறிந்ததே. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் நினைவாக இன்றும் முதியோர் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வது அதைத்தான். 108-ஐ அழைக்கும்போது சாலையில் கழியும் நேரத்தையும் வலி தொடங்கிய நேரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் தோழி பிழைத்துக்கொண்டாள். மூன்று நாளில் வீடு திரும்பியிருக்க வேண்டியவள் பதினாறு நாள் கழித்துத் திரும்பினாள்.

கிளம்பும் முன் உணவோ காப்பியோ கொடுக்காமலிருப்பது நல்லது. மயக்க மருந்து கொடுக்க வெறும் வயிறு வேண்டும்.

அறுவையே இல்லாமல் மருந்தால் குணப்படுத்த முடியாதா? முடியும், சிலருக்கு. வெடிக்காத குடல்வால் அழற்சிக்கு ஆண்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் வந்துள்ளன. அமெரிக்காவில் 1,552 பெரியவர்களைக் கொண்டு நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்ற பத்துப் பேரில் ஏழு பேர் 90 நாள்வரை அறுவையின்றி இருந்தார்கள். மூவர் அறுவைக்கு வந்தார்கள். உள்ளே மலக்கல் இருந்தவர்களில் நால்வர் வந்தார்கள். பின்லாந்து ஆய்வில் ஐந்தாண்டுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 39 பேருக்கு நோய் திரும்பியது. ஆகவே இதுவும் ஒரு தராசே: இன்று கத்தியைத் தவிர்ப்பதற்கு, பின்னொரு நாள் அதே வலி வரலாம் என்ற கவலை விலை. இதை நோயாளியிடமும் பெற்றோரிடமும் விளக்கி, அவர்கள் விருப்பத்தையும் கேட்டு முடிவு செய்வதே இப்போதைய வழக்கம். சம்மதப் படிவத்தில் அவசரமாகக் கையெழுத்திடும் முன், "மருந்து மட்டும் போதுமா? காத்திருந்தால் என்ன ஆகும்?" என்று பெற்றோர் கேட்கலாம். நல்ல மருத்துவர் அதற்குக் கோபிப்பதில்லை.

அறுவை முடிந்ததும் எடுத்த குடல்வாலை ஒரு குப்பியில் இட்டுச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். இன்று பெரும்பாலும் மூன்று சிறு துளைகள் வழியே, உள்நோக்குக் கருவியின் துணையால் செய்யும் அறுவை அது; முதன்முதலாக 1980-இல் ஜெர்மனியின் கர்ட் செம் அவ்வாறு செய்தார். கூடத்தில் குடல்வாலை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அறிக்கை வர சில நாட்களாகும். அதற்குள் நோயாளி வீட்டில் ரசஞ்சோறு உண்டுகொண்டிருப்பாள். தையல் பிரிக்க எப்போது வரவேண்டும் என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டிருப்பார். அன்றிரவு தாம் எடுத்த முடிவு சரிதானா என்பதை மருத்துவர் அந்த அறிக்கையைப் பிரித்துத்தான் உறுதியாகத் தெரிந்துகொள்கிறார்.